காணாமை இன்மையாமோ?

காணப்படாத பொருள் அப்பொழுது இல்லாததாகுமோ என்பது அளவை நூலார் நெடிது வழக்கிட்ட வினா. கோவைக்கு வடமேற்கே, உதகையை அடுத்த முத்தோரை மலைச்சரிவில் 1970-இல் எழுந்த 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி செவிமடுக்கும் துடிப்பு விண்மீன்கள் அதனைப் புதிதாக எழுப்புகின்றன. இவை கலங்கரை விளக்கம்போற் சுழன்று அலை வீசுவன. அவ்வினத்துள் பி 1931+24 என்பதனை ஆங்கில நாட்டு ஜோட்ரல் பாங்க் அறிஞர் பல்லாண்டு நோக்கி 2006-இல் ஒன்று வெளியிட்டனர். அது ஒரு வாரமளவு அலை வீசிப் பின் ஒரு திங்களளவு வாளா அடங்கும். அடங்கிய நாளிலும் சுழற்சி ஒழிவதில்லை. மீண்ட துடிப்பைக் கணக்கிடின், அலை வீசுங்கால் சுழற்சி தளர்வது அடங்கியகாலத்தினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரைவென்பது பெறப்படும். காட்சியளவை கைவிட்டவிடத்துக் கருதலளவை பொருளை நாட்டிற்று. விளக்கணைந்த வீட்டில் ஆளில்லையெனத் துணிதல் கள்வர்க்கும் ஆகாதன்றோ? உறக்கத்தில் அறிவு விளங்காமையின் உயிரே இல்லையென்பார் இதனை எண்ணுக. எனினும் உவமை ஒருபுடையதே. மீன் சடமாதலின் தன் அடக்கத்தைத் தான் அறியாது. உயிரோ, விழித்தெழுந்து, “இனிது உறங்கினேன்” என்கின்றது.