எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி: நபி (ஸல்) அவர்கள் கற்பித்த முறை

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

நம் மஹல்லாவின் மக்தபுக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். முன்வரிசைப் பிள்ளைகள் கடகடவென்று ஓதிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் ஒரு பிள்ளை, பல வாரங்களாக அதே பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "இவனுக்கு மண்டையில் ஏறாது" என்று ஒருவர் சொல்வார். அவன் வருவதை நிறுத்திவிடுவான். நாற்பது வயதில் நம் பக்கத்து ஸஃப்பில் அவரே நிற்பார். ஃபாத்திஹாவைத் தாண்டி ஓதத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் வெட்கம். அந்த வெட்கத்தை அவருக்குக் கொடுத்தது யார்? நாம் இதை யோசிக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் எப்படிக் கற்பித்தார்கள்? முக்கியமான பேச்சை மூன்று முறை திரும்பச் சொல்வார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். மனிதனின் ஆசையையும் ஆயுளையும் விளக்க, தரையில் கோடுகள் வரைந்து காட்டினார்கள். காதால் கேட்டுப் புரியாதவருக்குக் கண்ணால் பார்த்தால் புரியும் அல்லவா? தொழுகையைச் சரியாகத் தொழாத ஒருவரைத் திரும்பத் திரும்பத் தொழவைத்தார்கள். அவரே "எனக்குக் கற்றுத்தாருங்கள்" என்று கேட்ட பிறகு, படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்கள் தங்களுக்குத் தனி நாள் கேட்டபோது, அதையும் ஒதுக்கித் தந்தார்கள்.

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் சில இளைஞர்களும் இருபது இரவுகள் மதீனாவில் தங்கிக் கற்றார்கள். வீட்டு நினைவு வந்துவிட்டதை நபியவர்கள் கவனித்து, ஊருக்குத் திரும்பிப் போய்க் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். ஏங்குகிற மனதில் பாடம் நிற்காது என்பதை அறிந்த ஆசிரியர் அவர்கள்.

சகோதரர்களே! கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்றுக்கொள்ள வந்தபோது, நபியவர்கள் குறைஷித் தலைவர்களுடன் பேசிக்கொண்டிருந்ததால் முகம் சுளித்தார்கள். அதற்காக அல்லாஹ் 'அபஸ' அத்தியாயத்தை இறக்கினான். தேடி வந்தவரை ஒதுக்கக் கூடாது என்ற பாடம் அது. பிற்காலத்தில் அவரே பாங்கு சொல்பவரானார். நபியவர்கள் வெளியூர் சென்ற சமயங்களில் மதீனாவில் பொறுப்பும் ஏற்றார். இன்று பார்வையோ, செவியோ, பேச்சோ குறைந்த பிள்ளை நம் மக்தபுக்கு வந்தால் இடம் உண்டா?

திக்கித் திணறிக் குர்ஆன் ஓதுபவருக்கு இரு கூலி உண்டு என்று நபியவர்கள் நற்செய்தி சொன்னார்கள். அல்லாஹ் இரண்டு கூலி கொடுக்கும் பிள்ளைக்கு நாம் பிரம்படி கொடுக்கலாமா?

மனனம் பற்றியும் ஒரு சொல். மனனம் செய்த குர்ஆனைக் கட்டிவைத்த ஒட்டகத்திற்கு ஒப்பிட்டார்கள், கவனிக்காவிட்டால் ஓடிவிடும். ஒவ்வொரு ரமலானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் நபியவர்கள் குர்ஆனை மீட்டி ஓதினார்கள். கடைசி ஆண்டில் இருமுறை. அந்தக் குர்ஆனும் ஏறத்தாழ 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாகவே இறங்கியது. கற்றதில் பெரும்பகுதி விரைவிலேயே மறந்துபோகும், இடைவெளி விட்டு மீட்டினால் நிலைக்கும் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1885-இல் எழுதினார். நம் ஹாஃபிழ்கள் தினமும் பழைய பாடத்தை ஒப்புவிப்பது இதற்குத்தானே!

ஆகவே உஸ்தாத்மார்களே, புதுப் பாடத்துக்கு முன் நேற்றையதையும் போன வாரத்தையும் கேளுங்கள். ஒரே பாடத்தை ஓதவையுங்கள், எழுதவையுங்கள், ஒருவர் மற்றவருக்குச் சொல்லவையுங்கள். ஒரு பக்கம் முடியாத பிள்ளைக்கு மூன்று வரி கொடுங்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் தினமும் உபதேசம் கேட்டபோது, மக்கள் சலித்துவிடுவார்கள் என்று அஞ்சி, வியாழக்கிழமை மட்டுமே செய்தார்கள்.

நிர்வாகிகளே, ஓர் உஸ்தாதிடம் ஐம்பது பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுக் குறை சொல்லாதீர்கள், இன்னொருவரை நியமியுங்கள். பெற்றோர்களே, "எத்தனை பக்கம் முடித்தாய்?" என்று கேட்பதை விட, "இன்று கற்றதை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளில் ஒருவரும் உன் வேதத்தை விட்டு விலகக் காரணமாக எங்களை ஆக்கிவிடாதே. கற்பிப்போருக்குப் பொறுமையையும், கற்போருக்கு நினைவாற்றலையும் தந்தருள்வாயாக. ஆமீன்.