வசூலித்த பணம் யாருடையது?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டுமாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! “நான் இவ்வளவு தூரம் நடக்கிறேன், நீங்கள் நற்பணிக்குப் பணம் தாருங்கள்” என்று நிதி திரட்டுவது பிரிட்டனில் சாதாரணம். போரில் காயம்பட்ட வீரர்களுக்காக 2007-இல் தொடங்கிய ‘ஹெல்ப் ஃபார் ஹீரோஸ்’ அமைப்பு சைக்கிள் பயணம் நடத்தி நிதி சேர்த்தது. ஹெட்லி கோர்ட் மறுவாழ்வு மையத்தில் அவ்வீரர்களுக்கு ஒரு நீச்சல் குளம் கட்டுவது அதன் ஆரம்ப இலக்கு.

இது கூடுமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். முளர் கோத்திரத்தார் வறுமையோடு மதீனா வந்தபோது, ஓர் அன்ஸாரித் தோழர் தூக்க முடியாத பண முடிச்சைக் கொண்டுவந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். முன்னின்று தொடங்கியவருக்குப் பின்வருபவர்களின் கூலியும் உண்டு என்றார்கள் நபியவர்கள் (முஸ்லிம்). ஆனால் உடலை வதைப்பது தனி வணக்கமல்ல. கஅபாவுக்கு நடந்தே போவதாக நேர்ந்து, இரு மகன்கள் தாங்க வந்த முதியவரை வாகனத்தில் ஏறச் சொன்னவர்களும் நபியவர்களே (புகாரி). நடை ஒரு சாக்குதான். உரியவருக்குப் போய்ச் சேரும் காசுதான் காரியம்.

டாம் மூர் என்ற முன்னாள் ராணுவ கேப்டனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றியவர். 2020 ஏப்ரலில், நூறாவது பிறந்த நாளுக்கு முன், தள்ளுவண்டியைப் பிடித்தபடி தன் தோட்டத்தை 100 சுற்று நடந்தார். மருத்துவ ஊழியர்களுக்காக அவர் எதிர்பார்த்தது 1,000 பவுண்டு. சேர்ந்ததோ 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல்! அந்தப் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போனது.

வேதனை பிறகுதான். அவர் பெயரில் தனியாக ஓர் அறக்கட்டளை உருவானது. அதை விசாரித்த அறக்கட்டளை ஆணையம், குடும்பத்தார் சொந்த ஆதாயம் அடைந்தார்கள் என்று 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. புத்தகங்களுக்கான முன்பணம் 14 லட்சம் பவுண்டுக்கு மேல் குடும்ப நிறுவனத்துக்குச் சென்றது. அறக்கட்டளைக்குப் போகும் என நம்பி மக்கள் வாங்கிய புத்தகம் அது. வீட்டு வளாகத்தில் அறக்கட்டளையின் பெயரையும் சொல்லி அனுமதி கேட்டு எழுப்பிய குளியல் கட்டடம் இடிக்கப்பட்டது. குடும்பத்தார் அறிக்கையை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாம் தீர்ப்பளிக்க வரவில்லை.

நபியவர்கள் ஸகாத் வசூலிக்க அனுப்பிய இப்னுல் லுத்பிய்யா, “இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு” என்றார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தன் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று கேட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). புத்தகப் பணத்துக்கும் இதே கேள்விதான்: அந்த நடை இல்லாமல் அது வந்திருக்குமா?

வசூலிப்பவருக்கு ஊதியமே கூடாது என்பதல்ல. ஸகாத்தில் அவருக்கும் ஒரு பங்கை அல்லாஹ் வைத்திருக்கிறான். அதை முதலிலேயே பேசி, வெளியே சொல்லி எடுக்க வேண்டும்.

வசூலுக்கு நிற்கும் தம்பிமார்களே! சொந்த ஜிபே எண்ணைக் கொடுக்காதீர்கள். டீ-ஷர்ட்டுக்கும் பெட்ரோலுக்கும் எவ்வளவு எடுப்பீர்கள் என்பதை முன்பே எழுதி ஒட்டுங்கள். “தம்பி, டீ குடிச்சுக்கோ” என்று யாராவது நூறு ரூபாய் நீட்டினால் அதையும் உண்டியலில் போட்டு ரசீது கொடுங்கள். நிர்வாகிகளே, கணக்குக் கேட்பவரைக் கோபமாகப் பார்க்காதீர்கள்.

அகூலு கவ்லீ ஹாதா, வஅஸ்தக்ஃபிருல்லாஹ லீ வலக்கும்.