அடைக்கோழி கற்றுத்தரும் பாடம்

(மத்தேயு 23:37, லூக்கா 13:34)



எருசலேம் நகரை நினைத்து வருந்தியபோது நம் ஆண்டவர் தம்மைச் சிங்கத்துக்கு ஒப்பிடவில்லை, கழுகுக்கும் ஒப்பிடவில்லை. குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழிக்கே ஒப்பிட்டார். அதற்குச் சற்று முன்னே ஏரோதை அவர் நரி என்று குறிப்பிட்டதாக லூக்கா எழுதுகிறார். நரி வரும்போது கோழி என்ன செய்யும்? நரியின் பல்லும் அதற்கில்லை, பருந்தின் நகமும் இல்லை. தன் உடலையே குஞ்சுகளுக்கு மறைப்பாக வைக்கும். சிலுவையில் நிகழ்ந்ததும் அதுவே. ஒலிவ மலையில், ஆண்டவர் அழுத இடமென்று மரபு காட்டும் இடத்தில், 1955-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட சிற்றாலயம் ஒன்று உண்டு. அதன் பீடத்தின் முன்புறத்தில் வண்ணக் கற்களால் பதித்திருப்பது சிறகு விரித்த கோழியையும் குஞ்சுகளையுமே.

அந்தக் கோழி நமக்குப் புதியதல்ல. றத்தோட்டையிலும் உக்குவளையிலும் எல்கடுவையிலும் லயத்தின் பின்புறத்தில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு அதன் குணம் நன்றாகத் தெரியும். ஒருநாள் அது முட்டையிடுவதை நிறுத்திவிட்டுக் கூட்டிலேயே படுத்துக்கொள்ளும். கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். முட்டை நின்றுவிட்டதே என்று சிலர் அதைத் தண்ணீரில் அமுக்குகிறார்கள்; மூக்கில் இறகைச் செருகுகிறார்கள். வாயில்லாப் பிராணியை இப்படி வதைக்கலாமா? குஞ்சு வேண்டாமென்றால், அடியில் காற்றுப் புகும் கம்பிக் கூட்டில் தீனும் தண்ணீரும் வைத்து மூன்று நாலு நாள் விட்டாலே பெரும்பாலும் அடை தெளிந்துவிடும்.

குஞ்சு வேண்டுமென்றால், இருட்டிய பின்பு அதை எடுத்து, ஒதுக்கமான மூலையில் வைக்கோல் பரப்பிய கூடையில் வையுங்கள். கூட்டத்தோடு விட்டால் மற்றக் கோழிகளும் அங்கேயே வந்து முட்டையிடும்; நெருக்கத்தில் முட்டை உடையும். அடைக்கு வைத்த பத்துப் பன்னிரண்டு முட்டைகளில் பென்சிலால் கோடிட்டு விட்டால், புதிதாகச் சேர்ந்ததை அன்றன்றே எடுத்துவிடலாம். ஏழாம் நாள் இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு ஓடியிருந்தால் கரு உண்டு. 21 நாளில் குஞ்சு பொரிக்கும்.

இந்த 21 நாளில் நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, தன் முட்டையா, அயலாள் முட்டையா என்று அடைக்கோழி கேட்பதில்லை. வாத்து முட்டையை வைத்தாலும், அதற்குரிய 28 நாள்வரை பொறுமையாகக் காக்கும்.

இரண்டாவது, அது தன்னை மறந்துவிடும். நாளில் ஒருமுறை, கால் மணி நேரம் அளவில், எழும்பித் தின்று குடித்துவிட்டுத் திரும்பும். நாளுக்கு நாள் மெலியும். குஞ்சுகளோடு திரியும் கோழியின் கம்மிய குரலையும் தொங்கிய சிறகையும் பார்த்தாலே அது தாயென்று தெரியும் என்றார் புனித அகுஸ்தீனார். நமக்காகப் பலவீனரான கிறிஸ்துவை அவர் அதில் கண்டார். அடைக்கோழிக்கு அருகிலேயே தீனும் தண்ணீரும் வைப்பது வளர்ப்பவரின் கடமை.

மூன்றாவது, பொரிப்பதற்கு முன்பே முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிடும். தாய் மெல்லக் குரல் கொடுக்கும். பருந்து வட்டமிடும்போது குஞ்சு ஓடிவருவது பழகிய அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

அன்பானவர்களே, இனி நம் வீடுகளைப் பார்ப்போம். சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போன தாய்மார் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களைக் குறை கூறாதீர்கள். பிள்ளைகள் பசியாறவும் படிக்கவுமே அவர்கள் கடல் கடந்தார்கள். ஆனால் இங்கே இருக்கும் குஞ்சுகளுக்குச் சிறகு விரிப்பது யார்? பகலில் பிள்ளைக்காம்பரா இருக்கலாம். பொழுது சாய்ந்த பின்பு?

தகப்பன்மாரே, அந்தச் சிறகு முதலில் உங்களுடையது. அவள் அனுப்பும் காசு பாலுக்கும் கொப்பிக்கும் போகட்டும், சாராயத்துக்குப் போகவேண்டாம். மாலையில் வீட்டில் இருங்கள். தம்பி தங்கையைப் பார்க்க ஆளில்லை என்று மூத்த பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதீர்கள். அவளும் ஒரு குஞ்சுதான்.

அயலவர்களே, ஞானத்தாய், ஞானத்தகப்பன்மாரே, யார் பெற்ற பிள்ளை என்று கேட்காதிருங்கள். ஞானஸ்நானத் தொட்டியருகே நீங்கள் கொடுத்த வாக்கு அன்றோடு முடிந்துவிடவில்லை. பேரப்பிள்ளைகளைக் காக்கும் அப்பாயியும் அம்மாயியும் மெலிந்து போகிறார்கள். ஒரு வேளைச் சோறு கொண்டு போய்க் கொடுங்கள். கிளினிக்குக்குப் போகும் நாளில் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தாய் தொலைபேசியில் அழைக்கும்போது பிள்ளையைக் கூப்பிட்டுப் பேச விடுங்கள். அந்தக் குரல் பிள்ளைக்கு மறந்து போகக்கூடாது. தாயைப் பற்றி இழிவான சொல் ஒன்றும் அதன் காதில் விழக்கூடாது.

எருசலேமின் பிள்ளைகளைச் சேர்க்க ஆண்டவர் எத்தனையோ முறை விரும்பினார். அவர்களோ வர மனமில்லாதிருந்தார்கள். அவர் இன்றும் சிறகு விரித்துத்தான் இருக்கிறார். உங்கள் லயத்தில் தாயைப் பிரிந்திருக்கும் பிள்ளை எது என்று உங்களுக்கே தெரியும். வருகிற ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது அந்த வீட்டுக் கதவைத் தட்டி, அதையும் கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள். சிறியோரை அணைத்து ஆசீர்வதித்த ஆண்டவர் உங்களையும் ஆசீர்வதிப்பாராக.