பாற்பல்லும் பெரியோர் கடமையும்

பிறர்க்கு நன்மை செய்தல் அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால், பெறுவோரின் இசைவைக் கேளாமலே ஒரு நன்மையைச் செய்யலாமா என்னும் வினா எழும்போது அறிஞர்களும் இரு கூறாகப் பிரிந்து நிற்கின்றனர். பெறுவோர் இசைவளிக்கும் அறிவு முதிராத குழந்தைகளாயின் இவ்வினா மேலும் கடினமாகின்றது. குழந்தைகளின் பற்களைக் காக்க ஸ்காட்லாந்து நாடு மேற்கொண்ட முயற்சி இவ்வினாவுக்கு ஒருவகை விடை தருகின்றது. அதனை இங்கு ஆராய்வோம்.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கும் பாற்பற்கள் மூன்று வயதளவில் இருபதும் நிறைவுறுகின்றன. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலுறையாகிய எனாமலைக் கரைக்கின்றது. கரைந்த சத்தை உமிழ்நீர் மெல்ல மீட்டுத் தருகின்றது. ஃபுளோரைடு சிறிதளவு பல்லின்மேல் படுமாயின் அம்மீட்பு வலுப்பெறுகின்றது. நாள் முழுவதும் இனிப்பு வாயில் பட்டுக்கொண்டே இருந்தால் மீட்புக்குக் காலம் கிடைப்பதில்லை, பல் சொத்தையாகின்றது. 'விழப்போகும் பல்தானே' என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். ஆனால் கடைவாய்ப் பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. அதுவரை நோவைத் தாங்குவது குழந்தையே. மெல்ல முடியாமலும் உறங்க முடியாமலும் வருந்துவதும் அக்குழந்தையே.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் 1945இல் குடிநீரில் ஃபுளோரைடைக் கலந்தது. உலகில் முதன்முதலாக அவ்வாறு செய்த நகரம் அதுவே. அங்குச் சிறாரின் பற்சொத்தை வெகுவாகக் குறைந்தது. இதனைப் பின்பற்ற முனைந்த ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் வட்டார மன்றத்தின்மீது கிளாஸ்கோ மூதாட்டி ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவர் பற்களை இழந்தவர். தம் வீட்டுக் குழாயில் வரும் நீரில் தாம் வேண்டாத ஒன்றைக் கலக்க எவர்க்கும் உரிமையில்லை என்பது அவர் வாதம். 201 நாட்கள் நீதிமன்றத்தில் நடந்த அவ்வழக்கில் 1983இல் தீர்ப்பு வந்தது. ஃபுளோரைடால் கேடு விளையும் என்னும் வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை; ஆயினும் பற்களின் நலம் கருதி நீரில் ஒரு பொருளைச் சேர்க்கும் அதிகாரத்தைச் சட்டம் அம்மன்றத்துக்குத் தரவில்லை என்றார்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. குழாய் நீர் எல்லா வீட்டுக்கும் செல்வதால், கவனிப்பாரற்ற குழந்தைக்கும் பயன் கிட்டும் என்பர் ஒரு சாரார். வளர்ந்தபின் அக்குழந்தை 'என்னைக் கேளாமல் ஏன் செய்தீர்கள்?' என்று வினவுமா, 'செய்யக்கூடியதை ஏன் செய்யாது விட்டீர்கள்?' என்று வினவுமா? இரண்டாவதையே வினவும் என்பதில் ஐயமில்லை. எனினும் குழாய்க்கு ஆளின் அளவு தெரியாது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஃபுளோரைடு மிகுந்திருப்பதால் மக்களின் பற்கள் கறைபட்டு, எலும்புகளும் பாதிக்கப்பட்டன. அத்துன்பம் நீங்கவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம் 2013இல் நிறைவேற்றப்பட்டது. ஓரிடத்தில் மருந்தாவது மற்றோரிடத்தில் நஞ்சாகலாம் அன்றோ?

ஸ்காட்லாந்து பின்னர் வேறு வழியைத் தேர்ந்தது. 2003இல் அங்குத் தொடக்கப்பள்ளி முதல் வகுப்புக் குழந்தைகளில் 100க்கு 45 பேரே வெளிப்படையான சொத்தையின்றி இருந்தனர். 2006இல் 'சைல்ட்ஸ்மைல்' என்னும் திட்டம் சோதனை முறையில் தொடங்கிற்று. மழலையர் பள்ளிகளில் நாள்தோறும், பெரியோர் கண்காணிப்பில், குழந்தைகள் ஒன்றுகூடிப் பல் துலக்குகின்றனர். ஒவ்வொரு தூரிகைக்கும் தனி அடையாளம் உண்டு. பற்பசை பட்டாணி அளவே. வீட்டுக்கும் தூரிகையும் பசையும் இலவசமாகத் தரப்படுகின்றன. வறுமை மிகுந்த பகுதிகளில் பெற்றோர் இசைவுடன் ஆண்டுக்கு இருமுறை பற்களில் ஃபுளோரைடுப் பூச்சும் இடப்படுகின்றது. 2020இல் சொத்தையற்றோர் 100க்கு ஏறத்தாழ 74 பேராக உயர்ந்தனர். ஐந்து வயதுக் குழந்தைகளின் பல் மருத்துவச் செலவு 2001-02இல் சுமார் 88 இலட்சம் பவுண்டு. 2009-10இல் அது சுமார் 40 இலட்சமாகக் குறைந்தது. மழலையர் பள்ளிப் பல் துலக்கலுக்கு ஆகும் ஆண்டுச் செலவோ சுமார் 18 இலட்சம் பவுண்டே.

இங்கு நன்மை ஆணையால் வரவில்லை. அன்றாட உழைப்பால் வந்தது. மறுக்க விரும்பும் பெற்றோர் மறுக்கலாம். அளவைக் காண ஒரு கண்ணும், பொறுப்பேற்க ஓர் ஆளும் அருகில் உண்டு. குழந்தைக்காக இசைவளிக்கும் உரிமை பெரியோர்க்கு உண்டு. ஆனால் இசைவளித்தபின் அருகிருந்து செய்யும் கடமையும் அவர்க்கே உரியது. உரிமையை மட்டும் ஏற்றுக் கடமையைக் கைவிடுதல் அறமாகாது. இவ்வழியும் முழுமையானதன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. 2020ஆம் ஆண்டுக் கணக்கில், வசதி மிக்க பகுதிகளில் சொத்தையற்றோர் 100க்கு 87 பேர். வறிய பகுதிகளிலோ 58 பேரே. வறுமையின் சுமை இன்னும் குழந்தையின் வாயில்தான் இறங்குகின்றது.

சமணராகிய நம்மிடையே ஓர் ஐயம் எழக்கூடும். பல் துலக்காமை திகம்பர முனிவரின் இருபத்தெட்டு மூலகுணங்களுள் ஒன்றாயிற்றே, பல்லைப் பேணுதலை இத்துணை வற்புறுத்தலாமா என்பதே அது. அந்நெறி, நாளுக்கு ஒருமுறை, கையே கலமாக, நின்று உண்ணும் துறவோர்க்கு உரியது. உடற்பற்றையும் நாவையும் வென்றோர் தாமாக ஏற்ற விரதம் அது. பொழுதெல்லாம் இனிப்பை ஊட்டி வளர்க்கும் இல்லறத்தார், துறவியின் நெறியைத் தம் சோர்வுக்குத் துணையாகக் காட்டுதல் பொருந்தாது. மேலும், குழந்தை எவ்விரதத்தையும் ஏற்கவில்லை. தத்துவார்த்த சூத்திரம் இம்சையைப் பிரமாதத்தோடு, அதாவது விழிப்பின்மையோடு, இணைத்தே விளக்குகின்றது. ஓங்கிய கையால் மட்டும் துன்பம் விளைவதில்லை. ஓயாது செய்ய வேண்டியதைச் செய்யாது விட்ட கையாலும் விளைகின்றது.

ஆதலின் நம் இல்லங்களில் செய்யத்தக்கவை சில உள. ஏழு வயதளவு வரை குழந்தையின் பல்லைப் பெரியவர் ஒருவரே காலையும் இரவும் துலக்கிவிடுதல் வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்டோர்க்கு அரிசியளவு பசை போதும். அதனை விழுங்காமல் உமிழப் பழக்குதல் நன்று. இனிப்பை உணவு வேளையோடு நிறுத்துதலும், சர்க்கரை கலந்த பாற்புட்டியோடு உறங்கவிடாமையும் இன்றியமையாதன. ஃபுளோரைடு மிகுந்த நீருள்ள ஊரினர், எப்பசையைப் பயன்படுத்துவது என்பதைப் பல் மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். ஊர்க் குழந்தைகள் கூடும் அங்கன்வாடிகளில், பெற்றோரின் இசைவோடு, நாள்தோறும் பல் துலக்கும் வழக்கத்தைத் தொடங்க நம்மவர் துணை நின்றால், வறிய வீட்டுக் குழந்தைக்கும் அது சென்று சேரும்.

வராத நோவை எவரும் நினைவு கூர்வதில்லை. ஆகவே குழந்தை இதற்காக நமக்கு நன்றி கூறப்போவதில்லை. நன்றி கிட்டாது என அறிந்தும் நாள்தோறும் தவறாது செய்வதே இல்லறத்தார்க்கு இயன்ற விரதமாகும்.