விலகிப்போன கை

சிங்கப்பூர் ஒஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயம், 2025 பிப்ரவரி 9, ஞாயிறு தமிழ்த் திருப்பலி. நற்கருணை வரிசையில் எனக்கு முன்னால் ஓர் இளைஞர். ஊரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் போலிருந்தது. குருவானவரை நெருங்க இன்னும் இரண்டு பேர்தான். உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். ரேகையெல்லாம் சிமெண்ட் வெளுப்பு. சட்டென்று மடக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகிப் போய்விட்டார்.

திருப்பலி முடிந்து தேக்கா பக்கம் நடந்தபோது ஞாயிற்றுக் கூட்டத்தில் எதிரே வந்தவர்களின் கைகளையே பார்த்தேன்.

ஆண்டவர் நம்மிடம் வர நமக்குத் தகுதியில்லை என்று, நற்கருணை வாங்கப் போவதற்குச் சற்றுமுன்தான் எல்லோரும் சேர்ந்து சொல்லியிருந்தோம். சொன்ன கையோடு வரிசையில் நின்றோம். நற்செய்தியில் அதை முதலில் சொன்ன நூற்றுவர் தலைவர், நோயில் கிடந்த தம் வேலைக்காரனுக்காக வேண்டி நின்றவர். எஜமானர் தாழ்ந்து சொன்ன சொல் அது. அதைச் சுமந்துகொண்டு இங்கே ஒரு வேலைக்காரர் விலகிப் போகிறாரே என்பதுதான் வலிக்கிறது.

அன்றைய மூன்று வாசகங்களும் இந்தத் தகுதியின்மையைப் பற்றியவைதான். மீன் குவிந்த படகில் இயேசுவின் காலில் விழுந்த பேதுரு, தம்மை விட்டுப் போய்விடச் சொல்கிறார். திருச்சபையைத் துன்புறுத்திய தமக்குத் திருத்தூதர் என்ற பெயரே தகாது என்கிறார் பவுல். உசியா அரசர் இறந்த ஆண்டில் கடவுளைக் கண்ட எசாயா, தம் உதடுகள் தூய்மையற்றவை என்று கதறுகிறார். சேராபீன் என்னும் வானவர் ஒருவர் பலிபீடத்துத் தழலைக் குறட்டால் எடுத்துவந்து அந்த வாயைத் தொடுகிறார்.

சிறுவயதில் பீடப்பணி செய்தபோது தூபக் கலசத்தில் கரி எடுத்து வைப்பது என் வேலை. கரியின் ஓரம் வெள்ளை பூக்கும், நடுவில் செக்கச் சிவப்பு. குறட்டால் பிடித்தும் விரல் முட்டியில் அனல் அடிக்கும். எசாயாவை நினைத்து உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வேன். வானவருக்கே குறடு வேண்டியிருந்தது. எசாயாவுக்கு வெறும் உதடு.

அவர் தூய்மையற்றவர் என்பதைக் கடவுள் மறுக்கவில்லை. பாவத்தை நீக்குகிறார், யாரை அனுப்பலாம் என்று கேட்கிறார். பேதுருவுக்கும் அப்படியே: அஞ்சாதே என்ற சொல், உடனே ஒரு பணி. அப்படியானால் அந்த இளைஞர் விலகியிருக்க வேண்டாம் என்றே தோன்றுகிறது. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் போகக்கூடாது என்று நினைத்திருக்கலாம். கையில் வாங்கிப் பழகாதவராகவும் இருக்கலாம். சிமெண்டுதான் காரணம் என்றால் என்னால் தாங்க முடியவில்லை. நாங்கள் குடியிருக்கும் வீடுகளின் தூசு அது, கறையே அல்ல.

ஆனாலும் அவரிடம் ஒரு நடுக்கம் இருந்தது. நடுங்கிய எசாயாவைத் தழல் தொட்டது. நடுங்காமல் கை நீட்டுகிறவர்களையும் அது தொடுமா? எசாயாவின் அந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் எனக்குப் பிடிபடவில்லை.