கல்லறைக் காவலரும் உதைபந்து வீரரும்



உத்தானப் பெருவிழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமைப் பூசையில் வாசிக்கப்படும் சுவிசேஷம் ஒன்றுண்டு. பெருவிழாக் களைப்பில் அன்று கோவிலுக்கு வருவோர் கொஞ்சப் பேர்தாம். அதனால் நம்மிற் பலருடைய காதில் அது விழுவதில்லை. யேசுநாதரின் கல்லறையைக் காவல்காத்த போர்ச்சேவகருட் சிலர் நகருக்குள் வந்து, நடந்தவற்றைத் தலைமைக் குருக்களுக்கு அறிவிக்கிறார்கள். அவர்களோ மூப்பரோடு கூடி ஆலோசித்து, சேவகர் கையில் பெருந்தொகைப் பணத்தைக் கொடுத்து, தாங்கள் தூங்குகையில் சீடர்கள் இரவில் வந்து உடலைத் திருடிச் சென்றார்கள் என்று சொல்லும்படி ஏவுகிறார்கள். சேவகரும் பணத்தை வாங்கிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே செய்தார்கள் என்கிறார் மத்தேயு.

இந்தச் சேவகரைச் சற்று நினைத்துப் பாருங்கள். காவற்காரன் தூங்குவது பெரிய வெட்கக்கேடு. ஆனால் இவர்கள், தாங்கள் தூங்கிவிட்டதாகச் சொல்லக் கூலி பெற்றார்கள். காசுக்காகத் தம்முடைய தோல்வியைத் தாமே விலைபேசினார்கள். உதைபந்தாட்டத்தில் பணம் வாங்கிக்கொண்டு தோற்ற வீரர்களைப் பற்றி வாசிக்குந்தோறும் எனக்கு இந்தச் சேவகரின் ஞாபகம் வருவதுண்டு.

1962ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி, சனிக்கிழமை. இங்கிலாந்தின் முதற்பிரிவு லீக் போட்டியில் ஷெபீல்ட் வெனஸ்டே கழகம், முந்திய பருவத்தின் வெற்றிக் கழகமாகிய இப்ஸ்விச் டவுனை அதன் சொந்த மைதானத்தில் எதிர்த்து ஆடிற்று. ஷெபீல்ட் அணியில் பீட்டர் ஸ்வான், டோனி கே, டேவிட் லேய்ன் என மூவர் இருந்தனர். ஸ்வான் இங்கிலாந்துத் தேசிய அணிக்காக 19 தடவை ஆடிய பின்வரிசை வீரர். இம்மூவரும் ஆட்டத்துக்கு முன்னரே, தம்முடைய கழகம் தோற்கும் என்று ஆளுக்கு 50 பவுண் பந்தயம் கட்டியிருந்தார்கள். ஷெபீல்ட் 2-0 என்ற கணக்கில் தோற்றது. அவர்களுக்கு ஆளுக்கு 100 பவுண் இலாபம். 1961 ஜனவரி வரை அந்நாட்டில் ஓர் உதைபந்து வீரருக்கு வாரத்துக்கு 20 பவுணுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று வரம்பு இருந்தது என்பதைக் கொண்டு அந்தத் தொகையின் பெறுமதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனிச் சொல்வதைக் கவனியுங்கள். மறுநாள் வெளிவந்த ‘பீப்பிள்’ என்ற ஞாயிறு பத்திரிகை, அந்த ஆட்டத்திற் சிறந்து விளங்கிய வீரராகத் தெரிந்தெடுத்தது யாரைத் தெரியுமா? டோனி கேயைத்தான்! தம் கழகம் தோற்க வேண்டுமென்று பணம் கட்டிய அதே மனிதரை. ஒன்றரை ஆண்டு கழிந்து, 1964 ஏப்ரலில், அதே பத்திரிகைதான் இந்தச் சதியையும் வெளிப்படுத்தியது. இந்த வலையைப் பின்னிய முன்னாள் வீரர் ஒருவர், தம் கதையைப் பத்திரிகைக்கு விற்றுக் காசாக்கியதோடு, தம்முடைய கூட்டாளிகளின் பேச்சை இரகசியமாக ஒலிநாடாவிலும் பதிந்து கொடுத்திருந்தார். தோழரை வைத்துச் சம்பாதித்தவர், கடைசியில் தோழரையே விற்றார். 1965 ஜனவரியில் நொட்டிங்ஹாம் நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டும், ஷெபீல்ட் மூவருக்கும் நான்கு மாதமும் சிறைத்தண்டனை விதித்தது. உதைபந்தாட்டச் சங்கம் அவர்களுக்கு ஆயுட்காலத் தடை போட்டது. அந்த டிசம்பர் மாதத்தில் இப்ஸ்விச்சின் பயிற்றுநராய் இருந்த அல்ப் ராம்சேதான், 1966இல் இங்கிலாந்து உலகக்கிண்ணத்தை வென்றபோது அதன் பயிற்றுநர். ஸ்வானும் கேயும் அந்த அணியில் இடம்பெறக்கூடியவர்கள் என்று இன்றைக்கும் பேசுவோர் உண்டு.

“டோனி கே நன்றாகத்தானே ஆடினார்? அப்படியானால் என்ன பாவம் நடந்தது?” என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பல்லாண்டுகளுக்குப் பின் பீட்டர் ஸ்வானிடம் ஒரு செவ்வியில் இதைப்பற்றி விசாரித்தார்கள். அன்று நாங்கள் நேர்மையாகத்தான் தோற்றோம் என்றார் அவர். ஆனால் அத்தோடு அவர் நிறுத்தவில்லை. நாங்கள் வென்றுகொண்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ, அது எனக்கே தெரியாது என்ற கருத்துப்படவும் சொன்னார்.

எனக்கே தெரியாது! நீதிபதியின் தீர்ப்பிலும் பார்க்க இந்தச் சொல் என்னை நடுங்க வைக்கிறது. பாவம் என்பது சம்மதத்தில் இருக்கிறது என்று ஞானோபதேச வகுப்பில் நாம் சிறுவருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கெட்ட எண்ணத்தோடு பார்க்கிறவன் தன் இருதயத்தில் ஏற்கெனவே பாவம் செய்துவிட்டான் என்று நமதாண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்ததும் இதையேதான். பந்தயச் சீட்டில் பணம் வைத்த கணத்திலேயே ஆட்டம் விற்பனையாகிவிட்டது. அதன்பின் அவர் உதைத்த ஒவ்வோர் உதையும், தவறவிட்ட ஒவ்வொரு பந்தும் மெய்யா பொய்யா என்று பார்வையாளருக்கும் தெரியாது, மத்தியஸ்தருக்கும் தெரியாது, உதைத்தவருக்கே தெரியாது. தூங்கினோம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியிலே தாம் விழித்திருந்ததையே நம்பமுடியாமற்போன கல்லறைக் காவலரின் கதிதான் இது. “களவு செய்யாதே” என்ற கட்டளையை மீறியவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். இங்கே மீறப்பட்டது பொய்ச்சாட்சியைத் தடுக்கும் எட்டாம் கட்டளையுமாகும். தம் கால்களைக்கொண்டு சொன்ன பொய்யை ஒருவர் எப்படித் திருப்பியெடுப்பார்?

“அப்படியானால் பந்தயம் கட்டுவதே பாவமா சுவாமி?” என்று சிலர் கேட்பதுண்டு. 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதிர்ஷ்ட விளையாட்டும் பந்தயமும் தம்மளவில் நீதிக்கு விரோதமானவை அல்ல. ஒருவர் தமக்கும் தம்மை நம்பியிருப்போருக்கும் வேண்டிய சீவியத் தேவையை அதிலே இழக்கும்போது அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன. விளையாட்டில் ஏமாற்றுவதோ கனமான காரியமாகும். கோவிற் கட்டட நிதிக்காக அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பதற்கு வீடுவீடாக ஆளனுப்பும் குருக்களாகிய நாங்கள் இதற்குமேல் கடுமையாகப் பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் ஒன்று. சிலுவையின் அடியில் உயிர் ஊசலாடும் மனிதர் ஒருவர் தலைக்கு மேலே தொங்க, கீழே நாலு பேர் அவருடைய அங்கிக்குத் திருவுளச் சீட்டுப் போட்டார்கள் என்பதையும் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். பந்தயத்தின் பயங்கரம் அதுதான்: தலைக்கு மேலே யார் தொங்குகிறார் என்பது கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகிறது.

இக்காலத்தில் ஆட்டத்தின் முடிவுக்கு மாத்திரம் பந்தயம் கட்டுவதில்லை. எத்தனை கோல், அடுத்த மூலையுதை யாருக்கு என்று ஆட்டம் நடக்கும்போதே கையிலுள்ள தொலைபேசியில் கட்டுகிறார்கள். சட்டத்துக்குப் புறம்பான பந்தயத்தில் எல்லா விளையாட்டுக்களிலும் சேர்த்து ஆண்டொன்றுக்கு 1.7 இலட்சம் கோடி டொலர் வரை புரளலாம் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை ஒன்று 2021இல் மதிப்பிட்டது. இத்தனை பணம் பெரிய கழகங்களின் வீரரைத் தேடிப் போவது அரிது. அவர்களுக்குக் காசு தேவையில்லை. அது தேடிப்போவது, பெயர் தெரியாத சிறு கழகத்தில் மாதக்கணக்காகச் சம்பளம் கிடையாமல் ஆடும் பையனைத்தான். உலக உதைபந்து வீரர் தொழிற்சங்கமான பிஃப்ப்ரோ, கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் 3,000 பேருக்கு மேற்பட்ட வீரரை விசாரித்து 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கு 41 பேர் தமக்கு உரிய காலத்தில் சம்பளம் கிடைப்பதில்லை என்றனர். நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர், ஆட்டத்தை விற்கும்படி யாரோ தம்மை அணுகியதாகச் சொன்னார்கள்.

கூலிக்காரருக்குக் கூலி கொடாமை, வானத்தை நோக்கிப் பழிவாங்கக் கூப்பிடும் பாவங்களுள் ஒன்று என்று பழைய ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தோம். இலஞ்சம் வாங்கிய பையனைப் பத்திரிகையிற் படம் போட்டுத் தூற்றுகிறோம். ஆறு மாதம் அவனுக்குச் சம்பளம் கொடாமல் வைத்திருந்த கழகத் தலைவரோ முன்வரிசை ஆசனத்தில் மாலையோடு அமர்ந்திருக்கிறார். அந்தப் பையனுடைய குற்றத்தை நான் இதனாற் குறைத்துப் பேசவில்லை. அதிலே பங்காளிகள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் 2019இல் பாராளுமன்றம் விளையாட்டுத் தொடர்பான குற்றங்களுக்குச் சட்டம் இயற்றி, பத்து வருடம் வரை சிறைத்தண்டனைக்கு இடம்வைத்தது. நல்லதே. ஆனால் ஒருவன் பந்தயச் சீட்டில் பணம் வைக்கும்போது சட்டத்தின் கை அவன் உள்ளத்துக்குள் நுழைவதில்லை. விதிப்படி போராடாத வீரன் முடிசூட்டப்படுவதில்லை என்று சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது, அந்த விதியை மத்தியஸ்தர் காணாத இடத்திலும் காத்தவனையே எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒருவரை நம் காலத்தில் அறிவோம். இத்தாலி நாட்டின் இரண்டாம் பிரிவில் குப்பியோ என்ற சிறு கழகத்துக்கு ஆடிய பின்வரிசை வீரர் சிமோனே பரீனா. 2011இல், இளவயதில் தம்மோடு ஆடிய பழைய தோழர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். செசேனா கழகத்துடன் நடக்கவிருந்த இத்தாலியக் கிண்ண ஆட்டத்தில் தோற்பதற்கு 2,00,000 யூரோ கொடுப்பதாகச் சொன்னார். யூதாசுக்குக் கிடைத்த முப்பது வெள்ளிக்காசும் தோழமையின் பெயரால் நடந்த பேரந்தான். பரீனா மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல் போய் முறைப்பாடும் செய்தார். அதைக்கொண்டு விசாரணை விரிந்தது, பலர் கைதாகினர்.

அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களா? 2012 ஜனவரியில் சர்வதேச உதைபந்துச் சம்மேளனம் அவரை மேடைக்கு அழைத்துக் கௌரவித்தது. இத்தாலியத் தேசிய அணியின் பயிற்றுநர், அந்த அணியோடு பயிற்சி செய்ய வரும்படி அவரைக் கூப்பிட்டார். கைதட்டல்கள் ஓய்ந்தன. அந்தப் பருவம் முடிந்ததும் அவர் ஆடுவதற்கு ஒரு கழகம் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு முப்பது வயது. அவர் தம் நாட்டைவிட்டு இங்கிலாந்துக்குப் போனார். பர்மிங்ஹாம் நகரின் அஸ்டன் வில்லா கழகம் அவருக்கு ஒரு வேலை கொடுத்தது: சுற்றுவட்டாரத்துச் சிறுவருக்கு உதைபந்து பழக்கும் வேலை.