தண்ணிக்கு வரப்பு ஏது?

‘ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே’ என்று ஒரு பழமொழி கேட்டிருப்பீர்கள். நெய்யை விடுங்கள், நிலத்தடி நீருக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

மகாராஷ்டிராவில் 2016-ல் ஒரு திட்டம் வந்தது. கேட்கிற விவசாயிக்குப் பண்ணைக்குட்டை. வெட்டிக்கொள்ள 50,000 ரூபாய் வரை மானியம். நோக்கம் நல்லதுதான். வயலில் பெய்கிற மழை, மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடாமல் குட்டையில் நிற்கும். பருவம் ஏமாற்றினால், ஒரு தண்ணி பாய்ச்சிப் பயிரைக் காப்பாற்றலாம்.

நடந்தது என்ன தெரியுமா? திராட்சை, மாதுளை போட்டவர்களில் பலர் குட்டைக்குள் பிளாஸ்டிக் விரித்தார்கள். ஒரு சொட்டு கீழே இறங்காது. அப்புறம் போர்வெல் மோட்டாரைப் போட்டு, பூமிக்குள் பத்திரமாக இருந்த தண்ணியை மேலே இழுத்து நிரப்பினார்கள். வெயிலில் ஆவியானது போக மிச்சம், கோடையில் அவர்கள் தோட்டத்துக்கு. மழையைப் பிடிக்க வெட்டிய குட்டை, அடுத்தவர் கிணற்றுக்கும் சேர்ந்த தண்ணியைப் பிடித்துவைக்கும் தொட்டியாகிவிட்டது.

அவர்களைத் திட்டுவது சுலபம். கடன் வாங்கி வைத்த செடி காய்கிறபோது, ‘நான் எடுக்கலைன்னா பக்கத்துக்காரன் எடுப்பான். நான் மட்டும் யோக்கியனா இருந்து என்ன பண்ண?’ என்று ஒருவர் கேட்டால், நம்மிடம் பதில் இருக்கிறதா? 1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டமே, தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணியை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலத்துக்காரருக்குத் தருகிறது. நிலத்துக்குப் பட்டா உண்டு, வரப்பு உண்டு. அடியில் ஓடுகிற தண்ணிக்கு ஏது?

அதே மகாராஷ்டிராவில், மழை குறைந்த அகமதுநகர் பக்கம் (இப்போது அகில்யாநகர்) ஹிவ்ரே பஜார் என்று ஒரு கிராமம். 1990-களில், ஊர்த் தலைவர் போபட்ராவ் பவார் முன்னின்று நடத்த, அவர்களும் அரசுப் பணத்தில்தான் மலைச்சரிவில் குறுக்கே பள்ளம் வெட்டினார்கள், தடுப்பணை கட்டினார்கள். ஆனால், கூடவே ஊர் கூடிச் சில கட்டுப்பாடுகளும் போட்டுக்கொண்டது. பாசனத்துக்குப் போர்வெல் கூடாது. தண்ணி குடிக்கிற கரும்பும் வாழையும் கூடாது. வருஷா வருஷம் பெய்த மழையைக் கணக்குப் பார்த்து, என்ன பயிர் வைப்பது என்று ஊர்ப் பொதுவில் முடிவு. முதலில் குடிக்க; அப்புறம்தான் வயலுக்கு.

இரண்டு இடத்திலும் அரசாங்கப் பணம்தான். பணம் பள்ளம் வெட்டும். ‘போதும்’ என்று சொல்லாது. அதை மனுஷன்தான் சொல்லணும். தனியாகச் சொல்கிறவனுக்கு ஏமாளிப் பட்டம். அதனால் ஊரோடு சேர்ந்து சொல்லணும். மானியம் கொடுக்கிற அரசு, ‘எத்தனை குட்டை வெட்டியாச்சு?’ என்று எண்ணுவதற்கு முன்னால், ‘எவ்வளவு எடுப்பது என்று ஊரில் பேசி முடிச்சாச்சா?’ என்று கேட்டால் என்ன?

விவசாயி சமாச்சாரம், நமக்கென்ன என்கிறீர்களா? தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் உத்தரவு வந்தது. உங்கள் ஃப்ளாட்டில் அந்தக் குழி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று அசோசியேஷன் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். ‘அதெல்லாம் எதுக்கு சார், போரை இன்னும் நூறு அடி இறக்கிடலாம்’ என்று யாராவது சொல்வார்.

அப்போது நீங்கள் கை தூக்குவீர்களா, மாட்டீர்களா?